பெயர் தவறிய கோப்புகள்



வீட்டுப் பத்திரத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதனை வேறோர் ஊரிலுள்ள உறவினரிடம் கொடுத்து வைத்திருப்பவரை முன்யோசனை உள்ளவர் என்கிறோம். கணிப்பொறிகளை ஆளுகின்றவர்களும் அதையேதான் செய்கின்றனர். அலுவலகத்துக் கடிதங்கள், கணக்குகள், படங்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் இரவுதோறும் ஒரு நகல் எடுத்து, வேறொரு பொறியில் சேர்த்து வைக்கின்றனர். பேக்கப் என்று வழக்கில் சொல்லப்படும் இதனை நாம் காப்புப்படி என்று கூறுவோம். வட்டு பழுதுபட்டாலும், எவரேனும் கைதவறி அழித்துவிட்டாலும், காப்புப்படியிலிருந்து கோப்பை மீட்டுக்கொள்ளலாம்.

ஆனால் காப்புப்படியைத் தாங்கும் பொறிக்கும் மூப்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டி வருகிறது. பழைய பொறியில் உள்ளவற்றைப் புதியதற்குப் பெயர்த்து வைக்கும்போதுதான் ஒரு விந்தையான தொல்லை தலைகாட்டும். ஆங்கிலத்தில் பெயரிட்ட கோப்புகள் அனைத்தும் வைத்தது வைத்தபடி வந்து சேரும். தமிழில் பெயரிட்டவற்றிலோ சில, படிக்க முடியாத குறிகளின் வரிசையாக நிற்கும். சில, ஒரே பெயரில் இரண்டிரண்டாகத் தோன்றும். இன்னும் சில, வராமலே போயிருக்கும். கோப்பின் உள்ளே இருக்கும் செய்தியில் ஓர் எழுத்தும் கெட்டிராது. கெட்டது பெயர் மட்டுமே. பெயர்தானே என்று இதனைத் தள்ளிவிட இயலாது. பல இலட்சம் கோப்புகளுக்கு நடுவே ஒன்றை மீட்கவேண்டுமானால், அதனைப் பெயர் சொல்லித்தான் அழைக்கவேண்டும். பெயர் தவறினால், பொருள் இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும்.

இஃது ஏன் நிகழ்கிறது?

நாம் திரையில் 'க' என்று ஓர் எழுத்தைக் காண்கிறோம். பொறிக்கு அதன் வளைவும் நெளிவும் தெரியா, ஒலியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே. பூச்சியம் முதல் 255 வரையுள்ள எண்களில் ஒன்றைத் தாங்கும் சிறு அறைக்குப் பைட்டு என்று பெயர். இத்தகைய பைட்டுகளின் வரிசையே கோப்பின் பெயர். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுத்த ஆஸ்கி என்னும் உடன்பாட்டில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கில நெடுங்கணக்கின் முதற் பேரெழுத்துக்கு அதில் தந்த 65 என்ற எண் இன்றுவரை நிலைத்திருக்கிறது. பின்னால் தோன்றிய உடன்பாடுகளில் மிகப் பல இந்த 128 இடங்களையும் மாற்றாமல் ஏற்றுக்கொண்டன. ஆங்கிலப் பெயர்கள் எந்தப் பொறிக்குச் சென்றாலும் பிழையின்றி விளங்குவதற்கு இதுவே காரணம்.

எஞ்சியிருந்தவை 128 முதல் 255 வரையுள்ள இடங்கள். அங்கே ஆளுக்கொரு குடியேற்றம் நடந்தது. ஆங்கிலத்தின் ஐந்தாம் எழுத்தைத் தலையில் சாய்கோடு இட்டு எழுதும் பிரெஞ்சு எழுத்து ஒன்று உண்டு. பழைய டாஸ் முறை அதற்கு 130 என்ற எண்ணைத் தந்தது. இலத்தீன்-1 என்ற பட்டியல் 233 என்றது. தமிழர்களும் வாளா இருக்கவில்லை. 1990களில் தஸ்கி என்ற முறை உருவாயிற்று. 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, டாம், டாப் என்ற இரு முறைகள் தமிழ்நாட்டு அரசின் ஏற்பைப் பெற்றன. இவையன்றி, எழுத்துரு செய்து விற்றவர்கள் தத்தம் மனம்போல அமைத்துக்கொண்ட முறைகளும் பல. ஒரே எண் ஒருவர் எழுத்துருவில் ஓர் எழுத்தாகவும், அடுத்தவர் எழுத்துருவில் வேறோர் எழுத்தாகவும் காட்சி தந்தது.

இந்தக் குழப்பத்துக்கு முடிவு காண எழுந்ததே யூனிகோடு. 1991ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் தமிழுக்கு உரியவை. அவற்றுள் 'க' என்பது 2965. இவ்வளவு பெரிய எண் ஒரு பைட்டில் அடங்காது. அதனைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதுவதற்கு 1992இல் கென் தாம்சன், ராப் பைக் என்ற இருவர் ஒரு வழி வகுத்தனர். யூடிஎஃப்-8 என்பது அதன் பெயர். அவ்வழியில் 'க' என்ற எழுத்து 224, 174, 149 என்ற மூன்று பைட்டுகளாக எழுதப்படும். தமிழ் எழுத்துக்கும் குறிக்கும் எப்போதும் மூன்று பைட்டுகள். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175.

யூனிகோடு வந்த பிறகும் தொல்லை ஏன் ஓயவில்லை என்று கேட்கலாம். கோப்பின் பெயரின்மேல் முத்திரை இல்லை, அதுதான் காரணம். அஞ்சல் உறையின்மேல் ஊரின் பெயர் இருப்பதுபோல, 'இந்தப் பெயர் இன்ன உடன்பாட்டின்படி எழுதப்பட்டது' என்ற குறிப்பு பெயரோடு வருவதில்லை. 1969இல் தோன்றிய யூனிக்ஸ் முறைமையும் அதன் வழிவந்த லினக்ஸும், பெயரை வெறும் பைட்டு வரிசையாகவே வைத்துக்கொள்கின்றன. சாய்கோட்டுக்குரிய 47, பூச்சியம் ஆகிய இரண்டையும் நீக்கி, எந்த எண்ணும் பெயரில் வரலாம். பொருள் காண்பது பார்ப்பவர் பொறுப்பு. இதனைக் குறை என்று பலர் கூறுவர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தனக்குப் புரியாத பெயரையும் திருத்தாமல் அப்படியே காத்துத் தருகின்ற பண்பு, காப்புப்படி வைக்கும் பொறிக்கு மிகவும் வேண்டிய பண்பு அல்லவா? தொல்லை தருவோர் பெரும்பாலும், புரிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு திருத்தப் புகும் இடைப்பட்ட மென்பொருள்களே.

அவை என்ன செய்கின்றன என்பதைச் சற்று நின்று பார்ப்போம்.

பழைய பொறி 'க' என்பதை 224, 174, 149 என்று அனுப்புகிறது. நடுவில் இருக்கும் மென்பொருள் இவற்றை மேலைநாட்டுப் பட்டியல் ஒன்றின்படி எழுதப்பட்டவை என்று தவறாகக் கொள்கிறது. விண்டோஸ்-1252 என்ற பட்டியலில் 224 என்பது சாய்கோடு இட்ட ஓர் இலத்தீன் உயிரெழுத்து. 174 என்பது வணிகப் பெயர்களின் அருகே காணும், வட்டத்துக்குள் எழுத்து பொறித்த குறி. 149 என்பது ஒரு தடித்த புள்ளி. மென்பொருள் இந்த மூன்றையும் தனித்தனி எழுத்துகளாகக் கருதி, ஒவ்வொன்றையும் மீண்டும் யூடிஎஃப்-8 முறையில் எழுதிவைக்கிறது. மூன்று பைட்டுகள் ஏழு பைட்டுகள் ஆகின்றன. சாய்கோட்டு எழுத்தும் வட்டக் குறியும் மாறிமாறி வரும் நீண்ட வரிசையைத் திரையில் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பர். அது தமிழ்தான், இருமுறை மொழிபெயர்க்கப்பட்ட தமிழ்.

இவ்வாறு கெட்டதைத் திரும்பவும் பின்னோக்கி நடத்திச் சரிசெய்யலாம் என்று வல்லுநர்கள் சொல்லுவார்கள். இலத்தீன்-1 பட்டியலைப் பொறுத்தவரை அது மெய். அதில் 256 இடங்களுக்கும் விடை உண்டு. விண்டோஸ்-1252 பட்டியலிலோ ஐந்து இடங்கள் வெற்றிடங்கள்: 129, 141, 143, 144, 157. சில மென்பொருள்கள் வெற்றிடத்தையும் பொருட்படுத்தாமல் கடத்திவிடும். வேறு சில அங்கே ஒரு கேள்விக்குறியை இட்டுவிட்டு மேலே செல்லும். இந்த ஐந்து எண்கள் ஐரோப்பிய மொழிகளை அவ்வளவாக வருத்துவதில்லை. தமிழுக்கு நேர்வது என்ன தெரியுமா? மெய்யெழுத்தின்மேல் இடும் புள்ளி யூடிஎஃப்-8 முறையில் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. 'ஏ' என்ற உயிரின் கடைசிப் பைட்டு 143. 'ஐ' என்ற உயிரின் கடைசிப் பைட்டு 144. தமிழில் மிகுதியாக வழங்கும் புள்ளியும் உகரமும் அந்த வெற்றிடங்களிலேயே போய் விழுகின்றன!

விழுந்தபின் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. இரண்டும் 224, 175, கேள்விக்குறி என்று நிற்கும். 'பால் கணக்கு' என்று ஒரு கோப்பும் 'பாலு கணக்கு' என்று ஒரு கோப்பும் ஒரே அடைவில் இருந்தால், மாற்றத்துக்குப் பின் இரண்டுக்கும் ஒரே பெயர் வந்துசேரும். பின்னால் வந்தது முன்னால் வந்ததன்மேல் எழுதப்பட்டுவிடவும் கூடும். பாலுவின் கணக்கு இருக்க, பாலின் கணக்கு மறைந்துபோகும். அல்லது இது இருக்க அது மறையும்.

நம் முன்னோரும் இந்தப் புள்ளியோடு போராடியவர்களே என்பதை இங்கே குறிப்பிடத் தோன்றுகிறது. ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாமல் எழுதினர். எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் குறி வேற்றுமையும் ஏடுகளில் இல்லை. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதியவரும், பின்னால் அவற்றை ஒப்புநோக்கி அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோரும், இடம் நோக்கி, யாப்பு நோக்கி, இங்கே புள்ளி வேண்டும் என்று உணர்ந்துகொண்டனர். காப்புப்படி எடுக்கும் பொறிக்கு இடமும் தெரியாது, யாப்பும் தெரியாது. போன புள்ளியை அது ஒருநாளும் திருப்பித் தராது.

அடுத்த தொல்லை இதனினும் நுட்பமானது. இதில் ஒன்றும் கெடுவதில்லை. பெயர் திரையில் அழகாகவே தோன்றும். ஆயினும் தவறு இருக்கும்.

'கோ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ககரத்துக்கு முன்னே இரட்டைச் சுழிக் கொம்பு, பின்னே கால். யூனிகோடு இதனை எழுத இரண்டு வழிகளை அனுமதிக்கிறது. ககரத்தை எழுதி, அதன்பின் ஓகாரக் குறி என்ற ஒரே எண்ணை இடலாம். அல்லது ககரத்தை எழுதி, ஏகாரக் கொம்பு ஓர் எண்ணாகவும் கால் மற்றோர் எண்ணாகவும் பிரித்து இடலாம். முன்னது ஆறு பைட்டுகள், பின்னது ஒன்பது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய் அனைத்துக்கும் இந்த இருவகை எழுத்து உண்டு. 'ஔ' என்ற தனி உயிருக்கும் உண்டு. இவை இரண்டும் ஒன்றே என்று கருதவேண்டும் என யூனிகோடு விதித்திருக்கிறது. விதியை யார் யார் பின்பற்றுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

1998ஆம் ஆண்டு மாக்கின்டாஷ் கணிப்பொறிக்கு எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறை வந்தது. அது எல்லாப் பெயர்களையும் பிரித்தே எழுதிவைக்கும். நீங்கள் சேர்த்துக் கொடுத்தாலும் அது பிரித்துவிடும். விண்டோஸில் தட்டச்சுப் பலகை எதைத் தருகிறதோ, பெரும்பாலும் சேர்ந்த வடிவம், அதுவே பெயரில் நிற்கும். லினக்ஸுக்கு இரண்டும் வெவ்வேறு பைட்டு வரிசைகள். ஆகவே வெவ்வேறு பெயர்கள். 2017இல் மாக்கின்டாஷுக்கு ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறை வந்தது. கொடுத்த வடிவத்தையே அது வைத்துக்கொள்ளும். தேடும்போது மட்டும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும்.

இப்போது காப்புப்படியைப் பாருங்கள். ஒரு மாக்கின்டாஷிலிருந்து 'கோடை விழா' என்ற படத்தொகுதி பல ஆண்டுகளாக ஒரு லினக்ஸ் பொறியில் சேர்ந்து வருகிறது. பெயர் பிரிந்த வடிவில் இருக்கிறது. பொறியை மாற்றும்போது செல்லும் வழியும் மாறுகிறது; இடையிலுள்ள மென்பொருள் பெயர்களைச் சேர்ந்த வடிவில் தருகிறது. அன்றிரவு காப்புப்படி எடுக்கும் நிரல் பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் ஒப்பிடுகிறது. 'கோடை விழா' என்ற பழைய தொகுதி மறைந்துவிட்டது என்று குறித்துக்கொள்கிறது. அதே பெயரில் ஒரு புதிய தொகுதி தோன்றியிருக்கிறது என்று முழுவதையும் மறுபடி நகல் எடுக்கிறது. வட்டில் இடம் இருமடங்கு செலவாகிறது. அதுகூடப் பெரிதன்று. மறைந்தவற்றை இத்தனை நாள்களுக்குப்பின் நீக்கிவிடு என்று பெரும்பாலான காப்பு முறைகளில் கட்டளை இருக்கும். அந்நாள் வந்ததும் பழைய தொகுதியும், அதன் பழைய வடிவங்கள் அனைத்தும் சத்தமின்றி நீங்கிவிடும். சென்ற ஆண்டு இருந்த நிலையை மீட்கலாம் என்று நம்பியிருந்தவர் வெறுங்கையோடு நிற்பார்.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. லினக்ஸ் அடைவில் இரண்டு வடிவங்களும் அருகருகே இருந்து, அவற்றை மாக்கின்டாஷுக்கு மீட்டால், அங்கே இரண்டுக்கும் ஒரே இடம்தான்.

சேர்த்தும் பிரித்தும் எழுதுவதை ஒருசீர்ப்படுத்தும் கருவிகள் இருக்கின்றன. ஆனால் தமிழில் அவற்றுக்கு எட்டாத இடங்களும் உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தைச் சகரத்தின் உறவான 'ஶ' என்ற எழுத்தை முதலாகக் கொண்டும் எழுதலாம். 'ஸ' என்பதை முதலாகக் கொண்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒரே வடிவம். 'ஶ' 2005இல்தான் யூனிகோட்டில் இடம்பெற்றது. அதற்கு முற்பட்ட பெயர்களில் 'ஸ' தான் இருக்கும். யூனிகோடு இவ்விரண்டையும் ஒன்றென்று கொள்வதில்லை. ஆதலால் எந்தக் கருவியும் இதனைத் தானே திருத்தாது. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியோடு எழுதாமல், எகரக் கொம்பும் ளகரமும் இட்டு எழுதுகிறவர்களும் ஏராளம். இவை எழுதியவரின் பழக்கம். காப்புப்படி எடுப்பவர் இவற்றைத் திருத்தப் புகுவது முறையன்று. உள்ளதை உள்ளபடி வைத்துத் தருவதே அவர் கடமை.

பெயரின் நீளத்தைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஒரு பெயரில் 255 எழுத்தலகுகள் இருக்கலாம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஓர் அலகு. லினக்ஸில் பரவலாக வழங்கும் ஈஎக்ஸ்டி4 முறையிலும் 255தான். ஆனால் அங்கே கணக்கு பைட்டுகளில். தமிழுக்கு மூன்றால் வகுத்தால் 85. 'தமிழ்நாடு' என்பதை நாம் ஐந்தெழுத்து என்போம். பொறி அதனை ஒன்பது குறிகளாக எண்ணும், பைட்டுகள் 27. கருத்தரங்கின் தலைப்பு முழுவதையும் கோப்புக்குப் பெயராக இடும் வழக்கம் உள்ளவர்களின் கோப்புகள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வரும்போது வாயிலிலேயே தடுக்கப்படும். ஈகிரிப்ட்எஃப்எஸ் என்னும் மறைகுறி முறையில் வட்டைப் பூட்டி வைத்திருந்தால் எல்லை இன்னும் குறுகும்: 143 பைட்டுகள், அதாவது 47 தமிழ்க் குறிகள்.

எல்லாவற்றினும் கொடியது, கோப்பு காப்புப்படிக்கு வராமலே போவது. பெயர் குலைந்தால் கண்ணுக்குத் தெரியும். வராதது தெரியாது. விண்டோஸில் யூனிக்ஸ் வழிக் கருவிகளை இயக்குவதற்குச் சிக்வின் என்ற மென்பொருளைப் பலர் பயன்படுத்தினர். 2009 டிசம்பரில் வந்த அதன் 1.7ஆம் பதிப்புக்கு முன்பு, அந்தப் பொறிக்குரிய சிறு பட்டியலில் அடங்கிய எழுத்துகளை மட்டுமே அது அறியும். மேலைநாட்டுப் பட்டியல் கொண்ட பொறியில் தமிழ்ப் பெயர் அதன் கண்ணுக்குக் கேள்விக்குறிகளின் வரிசை. அந்த வரிசையைப் பெயராகச் சொல்லிக் கோப்பைத் திறக்க முயன்றால், அப்படி ஒரு கோப்பு இல்லை என்ற விடைதான் வரும். நிரல் ஒரு வரிக் குறிப்பை எழுதிவிட்டு அடுத்த கோப்புக்குச் சென்றுவிடும். பல்லாயிரம் வரிகளுக்கு நடுவே அந்த ஒரு வரியை எத்தனைபேர் படித்திருப்பர்?

இத்தகைய மாற்றத்தை நன்றாகச் செய்துகாட்டிய ஒரு மென்பொருளைப் பற்றிக் கூறுவது பொருத்தமாகும். கிரெய்க் பாரட் என்பவர் உருவாக்கி 2001ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் பேக்கப்பிசி என்பது அது. அதன் தொடக்கப் பதிப்புகள், கோப்பு வந்த வழி எந்த வடிவில் பெயரைத் தந்ததோ அப்படியே வைத்துக்கொண்டன. ஒரு வழியில் வந்த பெயர்கள் யூடிஎஃப்-8 ஆக இருக்கும். மற்றொரு வழியில் வந்தவை விண்டோஸ்-1252 அல்லது இலத்தீன்-1 ஆக இருக்கும். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, இனி எல்லாப் பெயர்களும் யூடிஎஃப்-8 முறையிலேயே சேரும் என்று தீர்மானித்தது. அப்போது பழைய பெயர்களை என்ன செய்வது? அவற்றையும் ஒரே மூச்சில் மாற்றி எழுதிவிடலாம் என்று எளிதில் தோன்றும். அதனை அது செய்யவில்லை. பழையவற்றைத் தொடாமல் விட்டு, 'இந்தப் பொறியின் பழைய காப்புப்படிகள் இன்ன முறையில் எழுதப்பட்டவை' என்று குறித்துவைக்க ஓர் இடம் மட்டும் அமைத்தது. காட்டும்போதும் மீட்கும்போதும் அக்குறிப்பைப் பார்த்துப் பொருள் கொள்ளும். பெயரின்மேல் இல்லாத முத்திரையைப் பெட்டியின்மேல் இட்டார்கள் என்று சொல்லலாம். குறிப்பு பிழையாக இருந்தால் குறிப்பைத் திருத்திக்கொள்ளலாம். பெயர்களையே மாற்றி எழுதியிருந்தால், பிழையைத் திருத்த வழி இராது.

பேக்கப்பிசியைப் பயன்படுத்தாதவர்களுக்கும் துணைகள் உண்டு. ஆர்சிங்க் என்ற நகலெடுப்புக் கருவியில், 2008இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல், இக்கரையில் இன்ன முறை, அக்கரையில் இன்ன முறை என்று சொல்லிவிடும் வசதி இருக்கிறது. மாக்கின்டாஷின் பிரிந்த வடிவத்தைச் சேர்ந்த வடிவமாக்கவும் அதனால் இயலும். பெயர்களை மட்டும் மாற்றுவதற்குக் கான்வ்எம்வி என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. அதனிடம் எனக்குப் பிடித்த குணம் ஒன்று: மாற்று என்று சொன்னவுடன் அது மாற்றிவிடாது. என்ன மாற்றப்போகிறது என்பதை மட்டும் பட்டியலாகக் காட்டும். பார்த்து ஒப்பி, மெய்யாகவே செய் என்று தனியாகக் கட்டளையிட்ட பின்னர்தான் கைவைக்கும். ஏற்கெனவே யூடிஎஃப்-8 ஆக இருக்கும் பெயரை மறுபடியும் மாற்ற மறுக்கும். முன்னே சொன்ன இருமுறை மொழிபெயர்ப்பு அதனால் தவிர்க்கப்படுகிறது.

யூடிஎஃப்-8 ஆக இருக்கிறது என்பதை அது எவ்வாறு அறிகிறது? அம்முறையில் பைட்டுகள் ஓர் ஒழுங்கில்தான் வரமுடியும். 224 வந்தால் அதன்பின் குறித்த எல்லைக்குள் அடங்கிய இரண்டு பைட்டுகள் வந்தே தீரவேண்டும். வேறு முறையில் எழுதிய பெயர் தற்செயலாக இவ்வொழுங்கில் அமைவது மிக அரிது. ஆகவே, பெயர்களைச் சோதித்து, ஒழுங்குக்கு உட்படாதவற்றைத் தனியே பிரித்துவிடலாம்.

பழைய தமிழ்ப் பெயர்களில் மட்டும் இச்சோதனை ஏமாந்துவிடக்கூடும். தஸ்கியிலோ டாப் முறையிலோ தட்டச்சிட்ட ஒரு பெயரை விண்டோஸ் மேலைநாட்டு எழுத்துகள் என்றே எண்ணி யூனிகோடாக மாற்றிவைத்திருக்கும். அந்தப் பெயர் ஒழுங்கில் குற்றமற்றது. பொருளில் முழுதும் தவறானது. தமிழ் அறிந்த கண் ஒன்றுதான் அதனைக் கண்டுபிடிக்கும். அவற்றைத் தமிழாக்குவதும் எண்ணுக்கு எண் மாற்றும் வேலை அன்று. அம்முறைகளில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என்று இருக்கும். யூனிகோட்டில் ககரம் முன்னே வரவேண்டும். வரிசையை மாற்றத் தெரிந்த கருவிதான் வேண்டும். நல்வினையாக, அந்நாளில் பெரும்பாலோர் இத்தொல்லைக்கு அஞ்சிக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்துகளிலேயே பெயரிட்டனர்.

கோப்புகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்புகிறவர்களும் கட்டின் வகையைக் கவனிக்கவேண்டும். 1989இல் தோன்றிய ஜிப் என்ற கட்டு, பெயர்களைப் பழைய டாஸ் பட்டியலின்படி கொண்டது. பெயர் யூடிஎஃப்-8 ஆக இருக்கிறது என்று காட்டும் அடையாளம் அதற்கு 2006இல்தான் கிடைத்தது. டார் என்ற கட்டில், 2001ஆம் ஆண்டின் தரத்தைப் பின்பற்றிய பாக்ஸ் என்ற வகை பெயர்களை யூடிஎஃப்-8 முறையில் எழுதும்.

இனி, பொறியை மாற்றப்போகிறவர் செய்யத்தக்கது யாது? பழைய பொறி நல்ல நிலையில் இருக்கும்போதே எல்லாக் கோப்புகளின் பெயர்களையும் ஒரு பட்டியலாக எடுத்துக்கொள்ளவேண்டும். திரையில் தெரியும் எழுத்தாக அல்லாமல், பைட்டு எண்களாக எடுக்கவேண்டும். திரை தானும் ஒரு மொழிபெயர்ப்பாளர் ஆதலால் அதனை நம்பக்கூடாது. பெயரோடு, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்துப் பெறும் சரிபார்ப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளவேண்டும். உள்ளடக்கம் மாறாதவரை அவ்வெண் மாறாது. மாற்றம் முடிந்தபின் புதிய பொறியிலும் இதே பட்டியலை எடுத்து ஒப்பிட்டால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். சரிபார்ப்பு எண் இருந்து பெயர் மட்டும் வேறாக இருந்தால் பெயர் தவறியிருக்கிறது. பழைய பட்டியலைக் கொண்டு திருத்தலாம். சரிபார்ப்பு எண்ணே இல்லையாயின் கோப்பே வரவில்லை.

அதற்கும் முன்னதாக ஒரு சிறு சோதனை அடைவு அமைத்து அனுப்பிப் பார்ப்பது நலம். 'பால்' என்றொரு கோப்பு, 'பாலு' என்றொரு கோப்பு, 'கோ' சேர்ந்த வடிவில் ஒன்று, பிரிந்த வடிவில் ஒன்று, 'ஏணி', 'ஐயர்', 'ஔவை', இருவகை 'ஸ்ரீ', 85 குறிகள் கொண்ட நீண்ட பெயர் ஒன்று, அதற்கு மேற்பட்டது ஒன்று. பதினொரு கோப்புகள் போதும். இவற்றைக் காப்புப்படிக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பவும் மீட்டு, அனுப்பிய பதினொன்றும் பதினொன்றாகவே, பைட்டு மாறாமல் வருகின்றனவா என்று பார்க்கவேண்டும். ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை இது. வந்த பதினொன்றில் எது மாறியிருக்கிறது என்பதைக் கொண்டே, இடையில் எந்த மென்பொருள் கைவைத்தது என்று கண்டுவிடலாம். பின்னர் அசல் கோப்புகளை மாற்றி, பட்டியலை ஒப்பிட்டு, மாதங்கள் சில சென்றபின் ஒரு முழு அடைவை மீட்டுப் பார்த்து, அதன்பின்னரே பழைய பொறியின் வட்டை அழிக்கலாம்.